காலி இடத்துக்கு வீசிய நாடா

பவானியில், எங்கள் வீதியில், சிந்தாமணி தறிக்குழியின் இடது பக்கம் உட்கார்ந்து, யாருமே இல்லாத வலது பக்கத்துக்குப் பழக்கதோஷத்தில் வீசிய நாடா, கடலும் பாலைவனமும் தாண்டி ஜார்ஜியா தேசத்தில் பனி மூடிய ஒரு மலையூரில் எத்தேரி என்கிற பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் வீதியில் பாதிப்பேருக்கு இதைக் கவனிக்க நேரமில்லை.

ஜமக்காளம் நெய்வதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு விரிக்கிற அகல ஜமக்காளத்தை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பேர் ஒரே தறியில் ஒட்டி உட்கார வேண்டும், ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும், குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு ஓடுகிற அந்த நாடா என்கிற மரக்கட்டையை இவர் வீச அவர் பிடிக்க வேண்டும், அவர் வீச இவர் பிடிக்க வேண்டும், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிக்க வேண்டும், ஒருவருக்குத் தும்மல் வந்தால் மற்றவரும் நிறுத்த வேண்டும். அதனால் எங்கள் வீதியில் புருசன் பெண்டாட்டிப் பொருத்தம் பார்க்கிறார்களோ இல்லையோ, தறிப் பொருத்தம் கட்டாயம் பார்ப்பார்கள். நெய்து முடித்ததும் ஜமக்காளத்தைத் தரையில் விரித்து நாலு மூலையையும் பார்ப்பது வழக்கம். நாலும் படிந்து கிடந்தால் நெய்தவர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் எங்கேயோ மனத்தாங்கல். மூலை தூக்கிய ஜமக்காளத்தில் மணப்பெண்ணை உட்காரவைக்க மாட்டோம்.

சிந்தாமணிக்குத் தறிக்கூட்டு அவளுடைய நாத்தனார் பாக்கியம். சிந்தாமணியின் புருசன் அர்த்தநாரிக்கு உடன்பிறந்த தங்கை, எதிர்வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். சிந்தாமணி மருமகளாக வந்த நாளிலிருந்து இவள் இடப்பக்கம், அவள் வலப்பக்கம், வாய் ஒருபக்கம் நாடா ஒருபக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் இவர்கள் நெய்து, அவசரத்தில் மூலை பார்க்காமலே அனுப்பிய ஜமக்காளத்தின் வலது மூலை தூக்கிக்கொண்டு நின்றது. பெண்வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சிந்தாமணி எல்லோர் காதிலும் விழும்படி, அது பாக்கியம் உட்காருகிற பக்கத்து மூலை என்று சொல்லிவிட்டாள். பாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் தறிக்கும் வரவில்லை. அதிலிருந்து இவள் வாசலில் கோலம் போட்டால் அவள் உள்ளே போய்விடுவாள், அவள் துணி காயப்போட வந்தால் இவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். ஆளுக்கொரு சின்னத் தறியில் ஒற்றை ஆள் நெய்கிற குறுகல் விரிப்பாக நெய்துகொண்டு காலம் தள்ளினார்கள். அகலத் தறி சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, பாக்கியத்தின் மகள் வெண்ணிலாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவளும் தாய்மாமன் பெண்டாட்டியும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்த ஜமக்காளத்தில்தான் எங்கள் வீதிப் பெண் மாலை மாற்ற உட்காருவாள். பெற்றவள் பாக்கியம், தாய்மாமன் பெண்டாட்டி சிந்தாமணி. இதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. வெண்ணிலா மட்டும் அடிக்கடி கறிவேப்பிலை வேண்டுமென்று அத்தை வீட்டுக்கு வந்து, அகலத் தறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போவாள்.

இந்தச் சமயத்தில்தான் இளவேனில் வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், இருப்பது வெளிநாட்டில். என்ன தொழில் என்று கேட்டதற்குக் கலைஞர் என்றாள்; அர்த்தநாரி மரியாதையாக, போர்டு எழுதுவீங்களா என்று விசாரித்தார். மெக்சிகோக் குயவர்களோடு பானை வனைந்திருக்கிறாள், ஜப்பானில் காகிதம் செய்பவர்களோடு ஒரு மழைக்காலம் பூராவும் மரப்பட்டை ஊறவைத்திருக்கிறாள், இப்போது ஜமக்காளம். பாதியைச் சிந்தாமணி பருத்தி நூலில் நெய்ய வேண்டும், மீதிப் பாதியை மலையூரில் எத்தேரி கம்பளி நூலில் நெய்வாள், இரண்டையும் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்துக் கறுப்புக் கயிற்றால் தைக்கப் போகிறாள், அந்தத் தையல்தான் படைப்பின் உயிர். ஒருவரையொருவர் ஒருநாளும் பார்க்கப்போகாத இரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவே இருக்கிற தூரம், அதைத்தான் காட்டப்போவதாகக் கண்கள் மின்னச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்குங்க அம்மிணி அவ்வளவு தூரம் போறீங்க? எதிர்வீட்டுக்குப் போனாலே போதுமுங்களே" என்றார் அர்த்தநாரி.

சிந்தாமணி புருசனை முறைத்த முறைப்பில் அவர் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டைக்குப் போய்விட்டார். ஆனால் வேலைக்கு அவள் ஒத்துக்கொண்டாள். பாதி ஜமக்காளம் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை.

தப்பு செய்தது அர்த்தநாரிதான். அகலத் தறியில் பாதி அகலத்துக்கு மட்டும் பாவு, அதாவது நெடுக்கு நூல், போடச் சொல்லியிருக்க, ஆயுசு பூராவும் அகலப் பாவே போட்டுப் பழகிய மனுசன் பேசிக்கொண்டே முழு அகலத்துக்கும் நூலை இழுத்துக் கட்டிவிட்டார். அவிழ்த்தால் நூல் வீணாகும். வலது பாதி வெறும் பாவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிந்தாமணி குழியில் இறங்கி உட்கார்ந்தாள், மிதித்தாள், கை தன் பாட்டுக்கு நாடாவை வலப்பக்கம் வீசிவிட்டது. நாடா பாவுக்குள் நுழைந்தது, வெளியே வரவில்லை. குழிக்குள் பார்த்தாள், பலகைக்கு அடியில் பார்த்தாள். கீழே விழுந்திருக்குமென்று அர்த்தநாரி விளக்குமாற்றை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது, விட்ட வேகத்திலேயே அது திரும்பி வந்து சிந்தாமணியின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. ஜில்லென்று இருந்தது, நுனியில் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்த கத்தரிப்பூ நிறத் தாரை எடுத்துவிட்டு யாரோ காப்பி நிறக் கம்பளி நூல் சுற்றி வைத்திருந்தார்கள். வலது பாதியில் அந்தக் கம்பளி ஓர் ஓட்டம் ஓடி, பருத்தியோடு கச்சிதமாகக் கோத்துக்கொண்டு நின்றது. சிந்தாமணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நூல் நல்ல நூல்தான் என்றாள், அடுத்த மிதி மிதித்தாள்.

இளவேனில் எத்தேரிக்குப் போன் போட்டாள். அந்த ஊரில் மாதா கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். எத்தேரி ஏறி வந்து, மொழிபெயர்ப்பவர் மூலமாக, கத்தரிப்பூ நிறம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள் என்று சொன்னாள், வேறெதுவும் கேட்கவில்லை. அவளும் இளவேனிலுக்காக அகலத் தறி போட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். கூட நெய்தவள் மகனோடு சமவெளிக்குப் போய்விட்டதால் அங்கேயும் பக்கத்து இடம் காலி. டீக்கடைக் கருப்பண்ணன் இதைக் கேட்டுவிட்டு, அப்புறமென்ன, காலி இடமும் காலி இடமும் ஒட்டிக்கிச்சு என்றார். அதற்குமேல் வீதியில் யாரும் காரணம் தேடவில்லை. ஒருநாள் இளவேனில் போட்டோ எடுக்க வலப்பக்கத்தில் உட்கார்ந்தபோது நாடா எங்கும் போகாமல் அவள் முட்டியில் இடித்துக் கீழே விழுந்தது, முட்டி வீங்கிவிட்டது. கருப்பண்ணன் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் உறுதியாயிற்று.

காரணம் தெரிந்துவிட்ட பிறகு மீதியிருந்தது நடைமுறைப் பிரச்சினைகள்தான். கம்பளி கலந்த ஜமக்காளத்தைச் சாமி காரியத்துக்கு விரிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. கம்பளிக்கு எந்தக் காலத்தில் தீட்டு இருந்தது என்று செல்லாண்டியம்மன் கோயில் பூசாரி ஒரே வரியில் முடித்துவைத்தார். நெசவாளர் சங்கத்துச் செயலாளர், எங்கள் வீதித் தறியில் நெய்கிறவர் எங்கள் சங்கத்து உறுப்பினராகத்தானே இருக்க வேண்டும் என்று இரண்டு கூட்டங்களில் பேசி, எத்தேரியைக் கௌரவ உறுப்பினராக்கி, தீபாவளி இனிப்பில் அவள் பங்கை நாடாவுக்குள் வைத்து அனுப்பலாம் என்று தீர்மானம் போட்டார். அனுப்புவதற்கு இருந்த இடம் தாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தில் சிந்தாமணி கிராம்பு வைத்தாள், ஏலக்காய் வைத்தாள், மல்லிகைப் பூ வைத்தாள், அங்கிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு வால்நட் வந்தது, தினமும் ஒன்று, ஓட்டோடு. ஒருமுறை வால்நட்டுக்குப் பதிலாக உப்புக் கரிக்கிற பாலாடைக்கட்டி வந்தது, அதன் வாடைக்கு வீதி நாய் எழுந்து அடுத்த வீதிக்குப் போய்விட்டது. கருப்பண்ணன் அதை உதிர்த்துத் தோசைக்கல்லில் தூவிக் கொடுத்ததிலிருந்து எல்லோரும் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பிடித்துப்போனது அந்தக் குளிர்ச்சிதான். பங்குனி முடிந்து சித்திரை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தபோது, எத்தேரியின் ஊரில் பனி விலகியிருக்கவில்லை. உச்சிப்பொழுதில் பெண்கள் மோர்ச் சொம்போடு சிந்தாமணி வீட்டுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். நாடா திரும்பி வந்ததும் அவள் அதைச் சொம்பில் ஒரு முக்கு முக்கிக் கொடுப்பாள், மோர் பல்லைக் கூசவைக்கும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜை நிறுத்தியே வைத்திருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து மட்டும் சொம்பு வரவில்லை. வெண்ணிலா ஒருநாள் எடுத்து வரப் பார்த்திருக்கிறாள், பாக்கியம் சொம்பை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டாளாம்.

இதில் சந்தோசப்படாத இன்னொரு ஆள் இளவேனில். அவளுக்குத் தையல் போடத் துண்டு வேண்டும், துண்டோ இல்லை, ஒரே விரிப்பாக அல்லவா நெய்துகொண்டு வருகிறது! தூரத்தைக் காட்டப் போவதாக அருங்காட்சியகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், தூரமே இல்லாமல்போனதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொஞ்சநாள் முகம் வாடித் திரிந்தாள். பிறகு அவளும் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டாள்.

சித்திரைக் கடைசியில் ஜமக்காளம் முடிந்தது. இடது பாதியில் எங்கள் ஊர்ப் பட்டைக்கோடுகள், கத்தரிப்பூ, பச்சை, சிவப்பு. வலது பாதியில் காப்பி நிறத்தில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருள் சுருளான வேலைப்பாடு. நடுவில் எங்கே இது முடிந்து அது தொடங்குகிறதென்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நடைக்கூடத்தில் விரித்தார்கள். வீதி மொத்தமும் மூலை பார்க்கக் கூடியது. மூன்று மூலை படிந்து கிடந்தது. வலது மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

வெளிநாட்டுக் கைதானே, பழக நாளாகும் என்று கருப்பண்ணன் பெருந்தன்மையாகச் சொன்னார். எல்லோரும் ஆமாமென்றோம். சிந்தாமணி மட்டும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாண மண்டபத்தில் தூக்கி நின்ற அதே மூலை, அதே உயரம். அப்போது வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் பாக்கியம். இப்போது உட்கார்ந்திருப்பவள் பாக்கியத்தை அறியாதவள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இடப்பக்கம் ஒன்றுதான். அவள் தறிக்குப் போய் உட்கார்ந்து, மிச்சப் பாவில் ஒருமுறை நாடாவை வீசி, அது திரும்பி வரும்போது வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் கையைப் பார்த்தாள். கை நாடாவைப் பிடித்தது, பிடித்த கையோடு நூலைச் சுண்டி ஓர் இழுப்பு இழுத்தது, அழுகிற பிள்ளையைக் கடையிலிருந்து இழுத்து வருகிற இழுப்பு. தான் இப்படி இழுப்பதே அவளுக்குத் தெரியாது. பாக்கியத்துக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த இழுப்பு அவள் விரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அவள் கொஞ்சம் கொஞ்சம் நூலைத் தளர்த்திவிட்டு ஈடுகட்டியிருப்பாள், அத்தனை வருசமும், ஒரு வார்த்தை சொல்லாமல். மண்டபத்துக்குப் போன அந்த ஒரு ஜமக்காளம் நெய்த வாரத்தில் பாக்கியத்துக்குக் காய்ச்சல், தளர்த்திக் கொடுக்க விரலில் தெம்பு இருந்திருக்காது. சிந்தாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சபையில் சொன்னதைச் சபையில்தான் திருப்பி வாங்க வேண்டும். மறுநாள் உச்சிப்பொழுதில், மோர்ச் சொம்புகள் வரிசை கட்டி நிற்கும்போது, அவள் ஜமக்காளத்தைத் தூக்கி வந்து வீதி நடுவில் விரித்தாள். எதிர்வாசலில் பாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பார்த்துக்கங்க" என்றாள் சிந்தாமணி. "அன்னிக்கு மண்டபத்துல மூலை தூக்குனது பாக்கியத்தோட கையால இல்லீங்க. எங் கைதானுங்க அது. நான்தான் நூலை இழுத்திருக்கறேன்."

முறத்தின் சத்தம் நின்றது. பாக்கியம் எழுந்து வந்தாள். தூக்கி நின்ற மூலையைக் காலால் அழுத்தினாள், காலை எடுத்ததும் அது மறுபடி தூக்கிக்கொண்டது. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். இரண்டு வருசமாக அவள் வாயில் வராத சொல் அது.

"எங்கியோ மலையில இருக்கறவளுக்கே இப்படி இழுத்திருக்குதே நங்கையா" என்றாள், "பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சிந்தாமணி அழுதாள். பாக்கியமும் அழுதாள், அழுதுகொண்டே, வெண்ணிலா கல்யாணத்துக்கு இன்னும் நாள் அதிகமில்லை, பாவு இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டாள். அர்த்தநாரி பாவை எப்போதோ போட்டு வைத்திருந்தார். முழு அகலம்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு அப்போது வேறொரு கவலை வந்தது. பாக்கியம் வந்து உட்கார்ந்தால் வலப்பக்கம் காலி இருக்காது. காலி இல்லையென்றால் நாடா மலைக்குப் போகாது, மோர் குளிராது, தோசைக்குப் பாலாடைக்கட்டி வராது. கருப்பண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கல்யாண ஜமக்காளம் கடையில்கூடக் கிடைக்கும் என்று ஆரம்பித்தார். வெண்ணிலா திரும்பிப் பார்த்தாள். அவர் டீ ஆற்றப் போய்விட்டார். சொம்போடு நின்றவர்கள் சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டோம், வெதுவெதுப்பான மோர் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள்.

சிந்தாமணிக்குக் கஷ்டம் வேறு மாதிரி. தினமும் ஒரு வால்நட் அனுப்பியவளிடம் போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டுமே. மல்லிகை மொட்டு ஒன்று, மஞ்சள் கிழங்கில் கிள்ளிய ஒரு துண்டு, வெண்ணிலாவின் கூறைப்புடவையிலிருந்து எடுத்த ஒரு நூல், மூன்றையும் பள்ளத்தில் வைத்து, இழுக்காமல், மெதுவாக வீசினாள். திரும்பி வந்த நாடாவில் வால்நட் இல்லை. காப்பி நிறக் கம்பளியில் ஒரு கண்டு சுற்றி வைத்திருந்தது, ஒரு கரை நெய்யப் போதுமான அளவு. சிந்தாமணி நகர்ந்து உட்கார்ந்தாள். பாக்கியம் குழியில் காலை விட்டாள்.

வைகாசி முகூர்த்தத்தில் வெண்ணிலா உட்கார்ந்த ஜமக்காளத்தின் நாலு மூலையும் பசை போட்டு ஒட்டியது போலத் தரையோடு கிடந்தன. அதன் கரையில் காப்பி நிறத்தில் ஒரு கோடு ஓடியது. இருக்கிற வெயிலில் அந்தக் கோட்டின் மேல் மட்டும் ஜில்லென்று இருக்கிறதென்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள் அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பந்திக்கு எழ மறுத்தார்கள்.

மூலை தூக்கிய ஜமக்காளத்தை இளவேனில் எடுத்துக்கொண்டு போனாள். தையல் போடவில்லை. அருங்காட்சியகத் தரையில் அப்படியே விரித்துவிட்டாள், தூக்கி நின்ற மூலையைச் சரிசெய்யக் கூடாதென்று காவலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து அந்த மூலைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கிறார்களாம். வீட்டுச் சண்டையை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள் என்று எங்கள் வீதியில் பல நாள் சிரிப்பு.

ஆடிக் காற்று அடித்த ஒரு பிற்பகல், சிந்தாமணியும் பாக்கியமும் யாருக்கோ அகல ஜமக்காளம் நெய்துகொண்டிருந்தார்கள். சிந்தாமணியின் கை பழையபடி சுண்டும்போதெல்லாம் பாக்கியம் இப்போது வாய்விட்டே சொல்லிவிடுகிறாள், இவளும் தளர்த்திக்கொள்கிறாள். நடுவில் பாக்கியம் திடீரென்று குழியிலிருந்து காலை எடுத்து எழுந்தாள். டீ வைக்கப் போவதாகச் சொன்னாள். தறியில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழாதவள்.

"நான் மெதுவாத்தான் வருவேன் நங்கையா" என்றாள். "நீங்க வீசுங்க."

சிந்தாமணி காலியான இடத்தைப் பார்த்தாள். பாக்கியத்தின் உட்காருபலகையில் இன்னும் சூடு இருந்தது. சண்டை போட்டுக் காலியான இடத்துக்கும், எழுந்து கொடுத்துக் காலியான இடத்துக்கும் நாடா வித்தியாசம் பார்க்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் ஓர் ஏலக்காய் வைத்து வீசினாள். பாவுக்குள் நுழைந்த நாடா வெளியே வரவில்லை. உள்ளே டீத்தண்ணி கொதிக்கிற சத்தம் கேட்டது. எத்தேரி எழுந்துபோயிருப்பாளோ, பக்கத்தில் யாராவது வந்துவிட்டார்களோ என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நாடா வந்து கையில் உட்கார்ந்தது. பனியில்லை, அங்கேயும் கோடை போலிருக்கிறது, ஓடைக்கல்லின் குளிர்ச்சிதான் இருந்தது. ஆனால் கனத்தது. ஒன்றுக்கே இடம் போதாத பள்ளத்தில் இரண்டு வால்நட்டைத் திணித்து அனுப்பியிருந்தாள். சிந்தாமணி ஊசியை விட்டு நெம்பித்தான் அவற்றை வெளியே எடுத்தாள்.

"பாக்கியம்" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள், "உனக்கும் ஒன்னு வந்திருக்குது, வா."